ஆர்தர் ஆண்டர்சன் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தணிக்கை வகுப்போ, வணிகவியல் மாணவர்களின் செமினாரோ, எங்கே போனாலும் ஆர்தர் ஆண்டர்சன் என்ற அமெரிக்கத் தணிக்கை நிறுவனத்தின் கதை ஒரு தடவையாவது வந்துவிடும். பெரும்பாலும் ஒரே வார்ப்புதான்: நேர்மையான நிறுவனர், பேராசை பிடித்த வாரிசுகள், என்ரான் (இவர்கள் தணிக்கை செய்துவந்த, கணக்கு மோசடியில் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம்), அழிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் தொடக்க காலத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இந்த வார்ப்பு தாங்காது.

எல்லோரும் செய்யும் தவறு, ரயில்வே சம்பவத்தை மட்டும் பிடித்துக்கொள்வது. நிறுவனம் தொடங்கிய புதிதில், சிறிய ரயில்வே கம்பெனி ஒன்று நடப்புச் செலவுகளைச் செலவாகக் காட்டாமல் தள்ளிப்போட்டு லாபத்தைப் பெரிதாக்கியிருந்தது. அந்தக் கணக்குக்கு ஒப்புதல் கேட்டு அதன் தலைவர் நேரில் வந்து நின்றார். சிகாகோ நகரத்துப் பணம் முழுவதையும் கொட்டினாலும் அறிக்கையை மாற்ற மாட்டேன் என்றார் ஆண்டர்சன். வாடிக்கையாளர் போனார், சில மாதங்களில் அந்த ரயில்வே திவாலும் ஆனது. இது நிறுவனம் தலைமுறை தலைமுறையாகத் தன்னைப் பற்றித் தானே சொல்லிவந்த கதை என்பதை மறக்கக் கூடாது. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வாடிக்கையாளரை இழந்ததால் நிறுவனம் எப்படி வளர்ந்தது என்பதை இது விளக்காது.

வளர்ச்சிக்கான காரணம் காலண்டரிலேயே இருக்கிறது. 1913 அக்டோபரில் அமெரிக்காவில் புதிய வருமான வரிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், 28 வயது ஆண்டர்சன், கிளாரன்ஸ் டிலேனியுடன் கூட்டுச் சேர்ந்து, சிகாகோவில் ஏற்கெனவே இயங்கிவந்த ஒரு தணிக்கை நிறுவனத்தை வாங்கினார். ஆண்டர்சன் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்தவர், மில்வாக்கியில் ஷ்லிட்ஸ் பீர் கம்பெனியின் கணக்குகளைக் கவனித்தவர், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கற்பித்தவர். வரி என்றால் என்ன, எப்படிக் கணக்கிடுவது என்று தெரியாமல் தொழிலதிபர்கள் தவித்த நேரத்தில் இப்படிப்பட்ட ஒருவர் கடை திறந்தால் கூட்டம் வராமல் இருக்குமா? 1918-ல் டிலேனி விலகியபின் பெயர் ஆர்தர் ஆண்டர்சன் அண்ட் கம்பெனி ஆனது.

அடுத்த பெரிய தாவல் 1932-ல். சிகாகோவின் சாமுவேல் இன்சல் கட்டியெழுப்பிய மின்சார சாம்ராஜ்யம் சரிந்தபோது, கடன் கொடுத்த வங்கிகள் அதன் கணக்குகளையும் செலவையும் கண்காணிக்க ஆண்டர்சனைத்தான் அமர்த்தின. அவர் பெயர் நாடெங்கும் பரவியது அப்போதுதான். பின்னால் வந்த 1933, 1934 பங்குச் சந்தைச் சட்டங்கள், மக்களிடம் பங்கு விற்கும் கம்பெனிகளுக்குச் சுயேச்சையான தணிக்கையைத் தவிர்க்க முடியாததாக்கின. நேர்மை இருந்தது, சரி. நேர்மைக்குச் சந்தையில் விலையும் இருந்தது. அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் சொல்வதுதான் பிரச்சினை.

நிறுவனர் தணிக்கையை மட்டும் பார்த்தார், ஆலோசனைத் தொழில் பின்னால் நுழைந்த களை என்று சொல்வது இன்னொரு தவறு. கணக்கு முறைகளையும் நிர்வாக அமைப்பையும் வடிவமைத்துத் தருவது முதல் நாளிலிருந்தே அவர்கள் விளம்பரப்படுத்திய சேவை. ஆண்டர்சன் 1947-ல் இறந்தபின் லெனார்ட் ஸ்பேசெக் தலைமையில் அது கணினிப் பக்கம் விரிந்தது. 1954-ல் லூயிவில்லில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலையின் சம்பளப் பட்டியலை யூனிவாக் கணினிக்கு மாற்ற வழிகாட்டியது இவர்கள்தான். ஆகவே தணிக்கை செய்பவரே ஆலோசகராகவும் இருப்பதிலுள்ள சிக்கல் வாரிசுகள் கொண்டுவந்தது அல்ல, அஸ்திவாரத்திலேயே இருந்தது. தொகைதான் பெருகியது. 2000-ல் என்ரான் கொடுத்த கட்டணத்தில் தணிக்கைக்கு 2.5 கோடி டாலர், மற்ற வேலைகளுக்கு 2.7 கோடி டாலர்.

முடிவைச் சொல்லும்போதும் சட்டத்தைக் குழப்பாதீர்கள். பொய்க் கணக்குக்கு ஒப்புதல் கொடுத்ததற்காக அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். 2002 ஜூனில் ஜூரி சொன்ன குற்றம், என்ரான் தொடர்பான ஆவணங்களை அழித்து விசாரணைக்கு இடையூறு செய்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒருமனதாக ரத்து செய்தது. காரணம், ஜூரிக்குச் சட்டத்தை விளக்கியதில் இருந்த பிழை. அதை நிரபராதி என்ற சான்றிதழாக நீட்டுவதும் தவறுதான். எப்படியும் அதற்குள் உரிமங்களை ஒப்படைத்து, உலகெங்கும் சுமார் 85,000 பேர் வேலை பார்த்த நிறுவனம் கலைந்துபோயிருந்தது.

ரயில்வே சம்பவத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், என்ரானுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு கம்பெனிக்குப் பக்கத்தில் வையுங்கள். 2002 ஜூனில் வெளிப்பட்ட அந்த மோசடியில் 380 கோடி டாலர் நடப்புச் செலவைச் சொத்தாகக் காட்டியிருந்தார்கள். ரயில்வே செய்த அதே வகை வேலை. தணிக்கையாளர் ஆர்தர் ஆண்டர்சன்.

கடைசியாக, அக்சென்ச்சர் என்ற ஆலோசனை நிறுவனம். அது பெயர் மாற்றிக்கொண்டு தப்பிய ஆண்டர்சன் அல்ல. 1989-லேயே தனி அலகாகப் பிரிக்கப்பட்ட ஆலோசனைப் பிரிவு அது. பல ஆண்டு பூசலுக்குப் பின் 2000-ல் நடுவர் தீர்ப்பின்படி முழுதாக வெளியேறியது. புதுப் பெயர் வந்தது 2001 ஜனவரியில். என்ரான் திவாலானது அந்த ஆண்டு டிசம்பரில்.