பழைய கல்யாண கேசட்டை டிவிடிக்கு மாற்றும் முறை: பிளே அழுத்தும் முன் பூஞ்சையைப் பாருங்கள்

அக்காவின் கல்யாண வீடியோ கேசட் (விஎச்எஸ் வகை) 1991-இல் எடுத்தது. அப்பா நடப்பதும் பேசுவதும், வாசலில் நின்று வந்தவர்களைக் கைகூப்பி வரவேற்பதும் எங்களிடம் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கின்றன. மயிலாப்பூர் வீட்டுப் பரணில் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்ததை எடுத்து, டிவிடி ரெக்கார்டர் வைத்து நானே மாற்றினேன். அப்போது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் சாமான்கள். நன்றாக ஓடும் ஒரு டெக் (கேசட்டை ஓட்டும் விசிஆர்), ஒரு டிவிடி ரெக்கார்டர், மஞ்சள்-சிவப்பு-வெள்ளை முனை கொண்ட ஏவி கேபிள், டிவி. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியதோடு புது டெக் வருவது நின்றுவிட்டது. அதனால் பழையதைத்தான் தேட வேண்டும். எனக்கு டெக், ரெக்கார்டர் இரண்டும் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தன. வாங்கப் போகும்போது போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு கேசட்டைக் கொண்டுபோய், கடையிலேயே முழுக்க ரீவைண்ட் செய்து ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கம்ப்யூட்டரில் செருகும் யூஎஸ்பி கேப்சர் குச்சி மலிவாகக் கிடைக்கும். நானும் வாங்கினேன். அரை மணி நேரம் ஓடியதும் மேளச் சத்தம் ஒரு பக்கம், தாலி கட்டும் காட்சி ஒரு பக்கம் என்று விலகிப்போனது. ரெக்கார்டரில் எனக்கு அந்தப் பிரச்சினை வரவே இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு ரெக்கார்டர்தான் சரி என்பேன்.

இப்போது நான் தடுக்கி விழுந்த இடம். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக, சுருளின் மேல்பரப்பை டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாக, மழமழவென்று இருக்க வேண்டும். வெள்ளையாகத் திட்டுத்திட்டாகவோ மாவு தூவியது போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. சென்னையின் கடல்காற்று ஈரத்தில் பரணில் வைத்த கேசட்டுக்கு இது சாதாரணம். நான் பார்க்காமல் போட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் படம் முழுக்கப் புள்ளி. டெக் கெட்டுப்போச்சு என்று நினைத்து, நல்ல கேசட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் புள்ளி. டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிய அழுக்கு, டேப் போகும் பாதையெல்லாம் பரவிய பூஞ்சைத்தூள், இப்போது நல்ல கேசட்டிலும் ஏறியிருந்தது.

இப்படிச் செய்யுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் மூடி வையுங்கள். காய்ந்த பூஞ்சை தூளாக உதிரும், ஈரப் பூஞ்சை இழுபடும். பிறகு மொட்டை மாடியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, அடியிலுள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றித் திறந்து, சுருளின் ஓரங்களை மென்மையான உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று திறந்தவுடன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குட்டி ஸ்பிரிங்குகள் தெறித்தால் திரும்பக் கோக்க அதுதான் உதவும். சுத்தம் செய்த சுருள்களை வேறொரு நல்ல கேசட் கூட்டுக்குள் மாற்றுவது இன்னும் நல்லது.

டெக்கின் ஹெட்டுக்கு: மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். வெள்ளைத் தாள் துண்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஹெட் பொருத்திய உலோக உருளையின் பக்கவாட்டில் லேசாக ஒட்டிப் பிடியுங்கள். இன்னொரு கையால் உருளையின் மேல்பகுதியை மெதுவாகச் சுற்றுங்கள். தாளை மேலும் கீழும் அசைக்கவே கூடாது, ஹெட் ஒடிந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியும் வேண்டாம், அதன் நார் மாட்டிக்கொள்ளும்.

துடைத்த கேசட்டைப் போட்டதும், ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பதியலாம் என்று இருக்காதீர்கள். பழைய டேப்புக்கு அந்த ஓட்டமே கடைசி நல்ல ஓட்டமாக இருக்கலாம். அதனால் மற்ற எல்லாவற்றையும் முன்பே தயார் செய்து வையுங்கள்.

டெக்கின் அவுட்டிலிருந்து ரெக்கார்டரின் இன்னுக்குக் கேபிள். மஞ்சள் படத்துக்கு. பழைய டெக் பலவற்றில் ஆடியோ துளை ஒன்றுதான் இருக்கும். அதை வெள்ளையில் மட்டும் செருகினால் ஒரு பக்க ஸ்பீக்கரில்தான் சத்தம் வரும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் வாங்கிவிடுங்கள். ரெக்கார்டரில் இன்புட்டை எல்1 அல்லது எல்2-க்கு மாற்றினால் டிவியில் படம் தெரியும்.

ரெக்கார்டரில் வைக்க வேண்டிய பதிவுத் தரம்: எஸ்பி. 4.7 ஜிபி வட்டில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒரு மணி நேர எக்ஸ்பியில் போட்டாலும் விஎச்எஸ் படத்துக்கு என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான்கு மணி நேர எல்பியில் மாலை மாற்றும்போது பூக்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. இ-180 கேசட் மூன்று மணி நேரம் ஓடும், ஆகவே இரண்டு வட்டு வையுங்கள். முகூர்த்தம் ஒன்றில், ரிசப்ஷன் இன்னொன்றில் என்று பிரித்தால் பார்ப்பவர்களுக்கும் வசதி. பழகுவதற்கு அழித்து எழுதும் டிவிடி-ஆர்டபிள்யூ, இறுதிப் பதிவுக்கு டிவிடி-ஆர்.

டெக்கையும் ரெக்கார்டரையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். பதிவின் நடுவே கரண்ட் போனால் அந்த வட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

முடிந்ததும் மெனுவில் ஃபைனலைஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காத வட்டு உங்கள் ரெக்கார்டரில் அழகாக ஓடும், மதுரையில் சித்தி வீட்டு பிளேயரில் ஓடாது. அது நடந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் இரண்டு சிக்கல்களை எழுதியிருந்தார்கள். ஒன்று, சொந்தக் கேசட்டையே 'காப்புரிமை, பதிய இயலாது' என்று ரெக்கார்டர் மறுக்கிறது. தேய்ந்த டேப்பின் சிக்னல் நடுங்கும்போது அதைக் காப்புப் பூட்டு என்று ரெக்கார்டர் எடுத்துக்கொள்கிறது. டெக்கின் டிராக்கிங்கை (ஹெட் டேப்பில் சரியான இடத்தைப் படிக்கவைக்கும் அமைப்பு) சரிசெய்து, படம் நிலைத்த பிறகு ரெக்கார்டை அழுத்துங்கள். அப்படியும் மறுத்தால் வேறு டெக்கில் முயலுங்கள். இரண்டு, அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட். அது என்டிஎஸ்சி (NTSC) என்ற டிவி முறை, நம்முடையது பால் (PAL) முறை. இரண்டையும் ஓட்டும் டெக் வேண்டும், ரெக்கார்டரின் அமைப்பிலும் மாற்ற வேண்டும். இரண்டு வகையையும் ஒரே வட்டில் சேர்க்க முடியாது.

வட்டிலுள்ள கோப்புகளை ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முழுக்க ரீவைண்ட் செய்து, தவறிப்போய் மேலே பதிந்துவிடாதபடி முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்து, பரணில் அல்லாமல் ஈரம் கசியாத அலமாரியில் நிற்க வையுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது அப்பாவின் புத்தகங்களோடு நிற்கிறது.