பட்டாளத்துக்காரர்களுக்கு விருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபம். முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மதிய விருந்து. முதல் பந்தி பாதியில் இருந்தபோது, மாடியில் மேடை நிகழ்ச்சி முடிந்துவிட்டதென்று யாரோ தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். ஸ்பீக்கர் கீழேயும் இருந்தது. இலை முன்னால் இருந்த பட்டாளத்துக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, சாம்பார் சொட்டும் வலது கையை விறைப்பாக உடம்போடு ஒட்டி நின்றார். வெள்ளை வேட்டியில் மஞ்சள் கோடு இறங்கியது. பரிமாறும் பையன்கள் வாளியோடு விழித்தார்கள். 52 வினாடிதான். அவர் திரும்ப உட்கார இன்னொருவர் தாங்க வேண்டியிருந்தது.

பாட்டைப் போட்ட பையனைத் திட்டிப் பயனில்லை. விழா ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரித்துத் திட்டம் போட்டதுதான் தப்பு. நான் பார்த்த பல தவறுகளுக்கும் வேர் இதுவே. சாப்பாட்டுக்கென்று கூப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு உட்காரவைத்து, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஒவ்வொரு பிரமுகருக்கும் பொன்னாடை என்று ஓட்டினால் முதல் இலை விழ இரண்டு மணியாகிவிடும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் நிறையப் பேர் வரும் இடம் இது. மேடை அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தமிழ்த்தாய் வாழ்த்து, மறைந்தவர்களுக்கு மௌன அஞ்சலி, இரண்டு பேர் பேச்சு, தேசிய கீதம். அப்புறம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடப் போகலாம்.

ராணுவத்தில் இதற்கு வழக்கமே இருக்கிறது. படா கானா என்பார்கள். அதிகாரிகளும் ஜவான்களும் சேர்ந்து சாப்பிடுவார்கள், அதிகாரிகளே பரிமாறவும் செய்வார்கள். வருகிறவர்கள் இதையெல்லாம் பார்த்தவர்கள். அவர்களிடம் போய் ‘வி.ஐ.பி. பந்தி’ என்று தனி அறையைக் காட்டாதீர்கள். விருந்து தருகிறவர்கள் வாளியைத் தூக்கட்டும், நாயக்கும் சுபேதாரும் கர்னலும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும்.

தேதியில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். முன்னாள் படைவீரர் தினம் ஜனவரி 14. 1953-ல் அந்த நாளில்தான் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா ஓய்வு பெற்றார். நமக்கோ அது போகி, இல்லாவிட்டால் பொங்கல். மறுநாள் ராணுவ தினத்துக்கும் அதே கதை. கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 ஆடியில் வரும். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய ஊர்க்காரர்கள் கறி இருக்கும் பந்தியில் கை வைக்க மாட்டார்கள். டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள், அது கார்த்திகை. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். என்னைக் கேட்டால், கொடிநாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, முழுச் சைவம். பிரியாணி போட்டால்தான் மரியாதை என்பது நாமாக நினைத்துக்கொள்வது.

களி போட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று ஒரு பயம். இருபது வருடம் பட்டாளத்துச் சமையற்கூடமான லங்கரில் சப்பாத்தியும் தாலும் தின்றவருக்கு வீட்டு ராகிக் களி எவ்வளவு ஆசை என்பதை அவர் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். களி உருண்டை, கீரைக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு ரசம், கொஞ்சம் சோறு, மோர். பல் போனவருக்கும் இறங்கும். ஆனால் முந்நூறு பேருக்குக் களி கிண்டுவது எல்லாச் சமையல் மாஸ்டருக்கும் வராது. கட்டி தட்டாமல் துடுப்பு போடத் தெரிந்த தனி ஆள் வேண்டும். பந்தி பந்தியாகச் சுடச்சுடக் கிண்ட வேண்டும், காலையிலேயே கிண்டி மூடி வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். ஆள் கணக்கிலும் ஏமாறாதீர்கள். நூறு அழைப்பு கொடுத்தால் நூறு இலை இல்லை. மனைவி, பேரப்பிள்ளை, கூட்டிக்கொண்டு வரும் மருமகன் என்று அழைப்புக்கு மூன்று இலையாவது விழும். குடும்பத்தோடு வாருங்கள் என்று அச்சடித்தது நாம்தானே.

இனி, சங்கடமான ஒன்று. வாசலில் சந்தனம், குங்குமம், பூத் தட்டோடு இரண்டு பெண்பிள்ளைகளை நிறுத்துகிறோம். நெற்றியில் பொட்டில்லாத ஓர் அம்மா உள்ளே வருகிறார். தட்டை நீட்டுவதா வேண்டாமா என்று அந்தப் பிள்ளை ஒரு நொடி தயங்கி, தட்டைப் பின்னால் இழுக்கிறது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் கடைசி வரிசையில் போய் உட்காருகிறார். உண்மையில் அன்று முதல் வரிசை அவருடையது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: தட்டை எல்லாருக்கும் நீட்டு, எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் விருப்பம். இல்லையென்றால் தட்டே வேண்டாம், கற்கண்டு போதும். குத்துவிளக்கின் முதல் திரியை இப்படிக் கணவரை இழந்த அம்மாக்களில் மூத்தவரை ஏற்றச் சொல்லுங்கள், ஆனால் இரண்டு நாள் முன்பே வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு. மேடையிலிருந்து திடீரென்று பெயர் சொல்லி அழைத்து, ‘கணவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கம்மா’ என்று மைக்கை நீட்டுவது கொடுமை. ஃப்ளெக்ஸில் ‘விதவைகள்’ என்று கொட்டை எழுத்தில் போடாதீர்கள். போரில் இறந்தவரின் மனைவியை ராணுவத்திலேயே வீர நாரி என்றுதான் சொல்கிறார்கள். அழைப்பிதழும் அந்த அம்மாவின் பெயருக்கே போகட்டும்.

யாரை அழைப்பது என்பதிலும் குழப்பம் வரும். அரசுக் கணக்கில் முன்னாள் படைவீரர் என்றால் தரைப்படை, கடற்படை, விமானப்படை. சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை இரண்டும் உள்துறையின் கீழ் வருகின்றன. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப்.காரர்கள். சலுகைக் கணக்கு எப்படியோ போகட்டும், சாப்பாட்டு இலைக்கு அந்தக் கோடு எதற்கு? பட்டியலுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். அதோடு நிறுத்தாமல் ஊர்ஊராக விசாரித்தால்தான் விட்டுப்போனவர்கள் தெரிவார்கள். மேடை அலங்காரத்தில் துப்பாக்கியும் பீரங்கியும் மட்டும் இருந்தால், கப்பலில் எஞ்சின் பார்த்தவரும் பெங்களூரு எம்.இ.ஜி. என்ற ராணுவப் பொறியாளர் பிரிவிலிருந்து போய்ப் பாலம் கட்டியவரும் ஓரமாக நிற்பார்கள். ‘எத்தனை பேரைச் சுட்டீங்க?’ என்று பக்கத்து இலைக்காரர் கேட்பதும் உண்டு. ‘எந்த ஊர்லயெல்லாம் இருந்தீங்க?’ என்று கேளுங்கள், கதை தானாக வரும். ‘கேன்டீன் சரக்கு கிடைக்குமா?’ என்பதை எப்படியாவது அடக்கிக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்க அவர் காதில் விழும் கேள்வி அது.

மூவர்ண மேசைவிரிப்பு, கொடி அச்சடித்த டிஷ்யூ பேப்பர் எல்லாம் வேண்டாம். கை துடைக்கும் துணியில் தேசியக் கொடியை அச்சடிக்கக் கூடாது என்பது கொடி விதி. சாப்பிட்ட கையை அதில் துடைக்கச் சொன்னால் அவர்கள் துடைக்கவும் மாட்டார்கள். வாசலில் சரவெடியும் வேண்டாம். சண்டையைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அந்தச் சத்தம் கொண்டாட்டமாகக் கேட்காது.

மண்டபத்தைப் பிடிக்கும் முன் சாப்பாட்டுக்கூடம் எந்த மாடியில் என்று பாருங்கள். லிஃப்ட் இல்லாத மாடியென்றால் வேறு இடம் தேடுங்கள். மாலை விருந்தும் வேண்டாம். கிருஷ்ணகிரியில் எட்டரைக்குக் கை கழுவினால் அஞ்செட்டிக்காரர் எப்போது வீடு போய்ச் சேருவது?

நடமாட முடியாமல் வீட்டிலேயே இருப்பவர்களின் கணக்கு கடைசியில்தான் ஞாபகம் வரும். மிச்சத்தை அள்ளிக் கட்டாமல், அவர்களுக்கென்று முதலிலேயே எடுத்து வைத்து, பந்தி தொடங்கும்போதே வண்டியில் அனுப்புங்கள். களியை மட்டும் பார்சலில் வைக்காதீர்கள். ஊத்தங்கரை போய்ச் சேருவதற்குள் கல்லாகிவிடும். புளிச்சோறு கட்டுங்கள்.