மலையில் மட்டும் ‘பரவாயில்லை’ என்று சொல்லாதீர்கள்: ஜோடியாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

உத்தரகண்டில் கேதார்காந்தா மலையின் அடிவார முகாம், இரவு 2 மணி. பக்கத்து ஸ்லீப்பிங் பேக்கில் இவர் புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. “தலை வலிக்குதா?” என்றேன். “இல்ல, பரவாயில்ல. உனக்கு?” “எனக்கும் ஒண்ணுமில்ல.”

இரண்டுமே பொய். அவருக்குச் சாயங்காலத்திலிருந்து தலை விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஆறு மாதத்துக்கு முன்பே லீவு சொல்லி, டிக்கெட் எடுத்து, பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்த பயணம். என்னால் கெடக் கூடாது என்று நானும், தன்னால் கெடக் கூடாது என்று அவரும் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தோம். இன்னும் ஒரு மணி நேரத்தில் உச்சிக்குக் கிளம்ப வேண்டும்.

வீட்டில் இந்தப் ‘பரவாயில்லை’தான் குடித்தனத்தை ஓட்டுகிறது. சாம்பாரில் உப்பு குறைந்தால் பரவாயில்லை, கல்யாணத்துக்கு லேட்டாகப் போனால் பரவாயில்லை. மலையில் அது செல்லாது. நண்பர்கள் கூட்டமாகப் போனால் யாராவது ஒருத்தன் “டேய், என்னால முடியலடா” என்று பாறையில் உட்கார்ந்துவிடுவான். புருஷன் பெண்டாட்டியாகப் போகும்போதுதான் இந்த விட்டுக்கொடுக்கிற குணம் கூடவே பையில் ஏறிக்கொள்கிறது. நாங்கள் செய்த தவறுகளிலும், வழியில் பார்த்த ஜோடிகள் செய்த தவறுகளிலும் பாதிக்கு மேல் இதிலிருந்து முளைத்தவைதான்.

முதலில் உயரம். 2,500 மீட்டருக்கு மேலே யாருக்கு வேண்டுமானாலும் மலை நோய் வரலாம். ஜிம்முக்குப் போகிற உடம்பா, மாரத்தான் ஓடுகிற உடம்பா என்றெல்லாம் அது பார்க்காது. 3,500 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கேதார்காந்தாவுக்கு நடக்கத் தொடங்கும் சங்க்ரி கிராமம் 2,000 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஓரிரு நாளில் 3,400 மீட்டரில் படுக்கிறோம். உச்சி சுமார் 3,800. நாலு நாளைக்கு முன்னால் மெரினாவில் சுண்டல் சாப்பிட்ட உடம்பு இது. லடாக்கின் லே நகரம் இன்னும் மோசம். டெல்லியில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் நேராக 3,500 மீட்டரில் இறக்கிவிடுவார்கள். ஹனிமூன் போகிறவர்கள் நாலு நாள்தான் லீவு என்று மறுநாளே அதைவிட உயரமான கர்துங் லா கணவாய்க்கு வண்டி பிடிக்கிறார்கள். முதல் இரண்டு நாள் அறையில் படுத்துக் கிடப்பதும் பயணத்தில் சேர்த்திதான். பொதுவான கணக்கு இதுதான்: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்குகிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். சின்ன டிரெக்குகளின் அட்டவணை இதற்கு எப்போதும் இடம் கொடுப்பதில்லை. அதனால் ஒருநாள் முன்னதாகவே போய்க் கிளம்புகிற கிராமத்தில் தங்குவது நல்லது.

தலைவலியோடு குமட்டலோ, பசியின்மையோ, கிறுகிறுப்போ சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. தங்கிப் பார்க்க வேண்டும், குறையாவிட்டால் இறங்க வேண்டும். குடித்தவர் மாதிரித் தள்ளாடுவதும் பேச்சு குழறுவதும் மூளை வீங்குவதன் அறிகுறி. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இதற்கெல்லாம் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் உடனே இறங்க வேண்டும். இதில் ஒரு விஷயத்தை ஜோடிகள் கவனிக்க வேண்டும். மூளை வீங்கத் தொடங்கியவருக்குத் தனக்கு அப்படி ஆகிறது என்றே தெரியாது. “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்பார், எரிந்து விழுவார். பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் வாதாடிக்கொண்டிருக்காதீர்கள்.

இப்போதெல்லாம் நாங்கள் “நல்லா இருக்கியா?” என்று கேட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் “எத்தனை?” என்று கேட்கிறோம். பத்துக்கு எவ்வளவு தலைவலி, எவ்வளவு களைப்பு என்று எண்ணாகச் சொல்ல வேண்டும். எண் கேட்டால் பரவாயில்லை என்று பதில் சொல்ல முடியாது. இன்னொரு ஒப்பந்தமும் உண்டு. யாராவது ஒருத்தர் இறங்கலாம் என்றால் இரண்டு பேரும் இறங்க வேண்டும். ஊருக்கு வந்தபிறகு ஏதோ ஒரு சண்டையில் அதை இழுக்கக் கூடாது. இரண்டாவது பாதியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

மலை நோயைத் தடுக்க உதவும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால் மாத்திரை போட்டிருக்கிறோமே என்று தலைவலியோடு மேலே ஏறுவது வேறு. அது தவறு.

அந்த மாத்திரை அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும். பெண்கள் செய்கிற ஒரு தவறு இங்கேதான் வருகிறது, ஆண்களுக்கு இது கண்ணிலேயே படாது. வெட்டவெளி, மறைப்பில்லை, ராத்திரியானால் ஷூ மாட்டிப் பனியில் வெளியே போக வேண்டும் என்பதால் தண்ணீரையே குறைத்துவிடுகிறோம். நானும் அரை லிட்டரோடு ஒரு நாளை ஓட்டியிருக்கிறேன். உடம்பில் நீர் வற்றினால் வருகிற தலைவலியும் மலை நோயின் தலைவலியும் ஒரே மாதிரிதான் இருக்கும், எது எதுவென்று பிரிக்க முடியாது. கூடப் போகிற கணவர் டார்ச்சோடு எழுந்து வந்து திரும்பி நின்றாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நாப்கினைப் பனியில் புதைக்காதீர்கள். ஜிப் வைத்த பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பனி உருகினால் எல்லாம் மேலே வந்துவிடும்.

நடக்கும் வேகத்தில் ஒரு நுட்பமான அநியாயம் நடக்கிறது. வேகமாக நடப்பவர் முன்னால் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, போட்டோ எடுத்து, பத்து நிமிடம் ஓய்வெடுக்கிறார். பின்னால் வருகிறவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் “வந்துட்டியா, போலாமா?” என்று எழுந்துவிடுகிறார். ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வு, தேவைப்பட்டவருக்கு ஒன்றுமில்லை. மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். அவர் வேகம்தான் இரண்டு பேருக்கும் வேகம்.

பையைப் பிரிப்பதிலும் இதே கதை. கனமெல்லாம் நான் தூக்குகிறேன் என்று கணவர் தண்ணீர், சாப்பாடு, மருந்து, டார்ச் எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்துக்கொள்வார். மூடுபனியில் கால் மணி நேரம் பிரிந்துவிட்டால் மனைவி கையில் இருப்பது செல்போனும் லிப் பாமும். கூடாரத் துணியை ஒருவர், கம்பிகளை ஒருவர் சுமப்பது சரி. ஆனால் தண்ணீர், டார்ச், விசில், ஒரு சூடான உடுப்பு இவை ஆளுக்கொன்று இருக்க வேண்டும். கூலிங் கிளாசும்தான். ஒரே கண்ணாடியை போட்டோவுக்காக மாற்றி மாற்றிப் போடுகிற ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். அன்று சாயங்காலம் கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தும்போதுதான் தெரியும்.

ஸ்லீப்பிங் பேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் ஒரு ராத்திரி முழுக்க நடுங்கியிருக்கிறேன். ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம். உறையில் பெரிய எழுத்தில் மைனஸ் 10 என்று போட்டிருந்தது. இவர் குறட்டை விட்டுத் தூங்கினார், எனக்குப் பல் தந்தியடித்தது. குளிர் தாங்காதவள் என்று பேர் வாங்கினதுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து உள்ளே தைத்திருந்த துணுக்குச் சீட்டைப் படித்தேன். அதில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என்று இரண்டு எண்கள் இருந்தன. ஐஎஸ்ஓ 23537 தரப்படி, ‘கம்ஃபர்ட்’ என்பது சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்குகிற வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது சராசரி ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஒப்பேற்றுகிற எல்லை. இரண்டுக்கும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம். பெரிய எழுத்தில் இருந்தது ‘லிமிட்’. ஆகவே வாங்குகிற இடத்தில், வாடகைக்கு எடுக்கிற இடத்தில், ‘கம்ஃபர்ட்’ எண்ணைத் தேடிப் பாருங்கள். கீழே விரிக்கிற பாயிலும் கஞ்சத்தனம் வேண்டாம். உடம்பின் கனத்தில் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் தரைக் குளிரைத் தடுப்பது பாய் மட்டும்தான். வியர்வை ஊறிய பருத்தி பனியனோடு படுக்காதீர்கள். டபுள் ஸ்லீப்பிங் பேக் படத்தில் அழகாக இருக்கும். ஒருவர் புரண்டால் மற்றவர் முதுகில் காற்று பாயும். அதைவிட இரண்டு பாட்டிலில் வெந்நீர் பிடித்து, மூடியை இறுக்கிச் சோதித்து, காலடியில் ஆளுக்கொன்று போட்டுக்கொள்ளலாம்.

குளிருதே என்று கூடாரத்துக்குள்ளோ சாத்திய அறைக்குள்ளோ கேஸ் அடுப்பு, கரி அடுப்பு எதையும் எரித்து வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டீர்கள்.

காஷ்மீருக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: நம்மூர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் சாட்டிலைட் மெசேஜ் அனுப்பும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

அப்புறம் காஷ்மீரின் குல்மார்க், பனிச்சறுக்கு. ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போனபோது இரண்டு நாள் கற்றுக்கொண்டதை வைத்து இவர் எனக்குக் குருவானார். “முட்டியை மடி, முட்டியை மடி” என்று கீழேயிருந்து கத்துவார். மடித்துத்தான் வைத்திருந்தேன். அரை மணி நேரத்தில், முன்பு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது வந்த அதே சண்டை, அதே வசனம். கடைசியில் ஸ்கீயைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனியில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ஓர் உள்ளூர்ப் பையனைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டோம், மத்தியானத்துக்குள் ஸ்கீயில் நிற்கவும் திரும்பவும் கற்றுக்கொண்டுவிட்டேன். துணைக்குக் கற்றுக்கொடுக்க நினைக்கிற எல்லோருக்கும் அந்தக் காசு லாபம். ஸ்கீ ஷூவுக்குள் குளிருக்கு இரண்டு சாக்ஸ் போடுவதும் தவறு. ரத்த ஓட்டம் இறுகி விரல்கள் இன்னும் குளிரும். ஒரே சாக்ஸ், அதுவும் சுருக்கமில்லாமல். கண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறி அபர்வட் மலைக்குப் போனால், மேலே சமன்செய்யாத பனிச் சரிவுகள். 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் குல்மார்க்கில் சரிந்து வந்த பனியில் சிக்கி இறந்தார்கள். நான்கு நாள் ஸ்கீ பழகிவிட்டு, போட்டோ நன்றாக வரும் என்று அந்தப் பக்கம் ஒதுங்குவது தற்கொலை.

வாடகைக் கடையில் எடை கேட்பார்கள். அதைப் பொறுத்துத்தான் விழும்போது ஸ்கீ எப்போது கழன்றுகொள்ள வேண்டும் என்று பைண்டிங்கை, அதாவது ஷூவை ஸ்கீயோடு பிணைக்கிற பிடியை, திருகி வைப்பார்கள். என் எடையை இவரே முந்திக்கொண்டு சொன்னார், பெருந்தன்மையாக ஏழு கிலோ குறைத்து. முதல் நாள் முழுக்க லேசாகத் திரும்பினாலே ஸ்கீ கழன்று தனியாக ஓடியது. மறுநாள் நானே போய் உண்மையான எடையைச் சொன்னேன். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் ஸ்குரூ டிரைவரை எடுத்துத் திருகினார். பக்கத்தில் நின்ற இவர்தான் திரும்பிப் பார்த்து, “அவ்வளவா?” என்றார்.

கேதார்காந்தா உச்சியை இன்னும் பார்க்கவில்லை. அன்றைக்கு 3 மணிக்குக் கூடார வாசலிலேயே வாந்தி எடுத்தேன். கைடு டார்ச் அடித்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், கீழே கையைக் காட்டினார். விடிந்ததும் இறங்கிவிட்டோம். மத்தியானம் கீழ் முகாமில் ஆளுக்கு இரண்டு தட்டு மேகி சாப்பிட்டோம்.