கூகுள் ஆட்ஸ் ஏபிஐ: அனுமதி வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடிக்கையாளர்களின் கூகுள் ஆட்ஸ் கணக்குகளை ஏபிஐ (மென்பொருளும் கூகுள் ஆட்ஸும் பேசிக்கொள்ளும் வாசல்) மூலம் ஒரு ஆப் வழியாக இயக்க வரும் புதியவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே சொதப்பல்களைத்தான் இன்றும் செய்கிறார்கள். டெவலப்பர் டோக்கனை, அதாவது ஏபிஐயைப் பயன்படுத்த கூகுள் தரும் குறியீட்டை, தப்பாக ஒட்டினால் எரர் செய்தியே சொல்லிவிடும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

ஒரே ஊழியரின் லாகினை நம்புவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஓஆத் திரை (கணக்கை ஆப் கையாளலாமா என்று கூகுள் சம்மதம் கேட்கும் திரை) வந்ததும், அப்போது கணினி முன் இருப்பவர் தன் லாகினிலேயே அனுமதி கொடுத்துவிடுவார். மறுபடி லாகின் கேட்காமல் ஆப் உள்ளே போக உதவும் ரெஃப்ரெஷ் டோக்கன் கிடைக்கும், எல்லாம் ஓடும். ஆனால் அவருக்கு என்ன அதிகாரமோ அதுதான் டோக்கனுக்கும். அவர் வேலையை விட்டு, அட்மின் அவர் கணக்கை நீக்கினால் டோக்கனும் செத்தது.

எனக்குத் தெரிந்த ஒரு ஏஜென்சியில், ஸ்டாக் தீர்ந்த பொருட்களின் விளம்பரத்தை நிறுத்த ஒரு ஆப் இருந்தது. அதை எழுதிய பையன் வேலையை விட்டதும் ‘இன்வேலிட் கிராண்ட்’ (அனுமதி செல்லாது) எரர் வர ஆரம்பித்தது. ஆப் எழுதி வைக்கும் பதிவேடான லாகில் மட்டும், லாகை யார் பார்க்கிறார்கள்? ஆப் நின்றாலும் விளம்பரம் நிற்காது, அது கூகுள் பக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தீபாவளி விற்பனை நேரம் வேறு. கடையில் இல்லாத பொருளுக்கு விழுந்த கிளிக்குக்கெல்லாம் வாடிக்கையாளர் பணம் அழுதார்.

சரி, எந்த வழி? எல்லாக் கணக்குகளும் உங்கள் மேனேஜர் கணக்கின் (பல கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் தாய்க் கணக்கு) கீழ் இருந்தால், ஆளுக்கொரு டோக்கன் வாங்கவே தேவையில்லை. ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்கு அல்ல, மென்பொருளுக்கென்றே உள்ள கூகுள் கணக்கு) உருவாக்கி, அதன் மின்னஞ்சலை மேனேஜர் கணக்கில் பயனராகச் சேர்த்தால் போதும். முன்பு இதற்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுள் சேவை) டொமைன் அளவில் அதிகாரம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பழைய கட்டுரைகள் இந்த வழியைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். இப்போது அந்தச் சுற்று இல்லை. சர்வீஸ் அக்கவுண்டின் சாவிக் கோப்பை மட்டும் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

முன்பின் தெரியாதவர்கள் வந்து தங்கள் கணக்கை இணைக்கும் மென்பொருள் என்றால் கதை வேறு. அங்கே ஒவ்வொருவரும் ஓஆத் திரையில் தாங்களே சம்மதம் தர வேண்டும். டோக்கன் எப்போது வேண்டுமானாலும் சாகும் என்று எண்ணியே நிரல் எழுதுங்கள். ‘மறுபடி இணையுங்கள்’ என்ற மின்னஞ்சல் முதல் நாளே தயாராக இருக்கட்டும்.

வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை வாங்குவது

கூடவே கூடாது.

‘டெஸ்டிங்’ நிலையிலேயே விடுவது

ஓஆத் அமைப்பில் வெளியாட்களுக்கான ஆப் இந்தச் சோதனை நிலையில் இருந்தால் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகிவிடும். “வாரா வாரம் லாகின் கேட்குது” என்று யாராவது புலம்பினால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ரெஃப்ரெஷ் டோக்கனைச் சேமிக்காமல் விடுவது

பொதுவாக முதல் சம்மதத்தின்போதுதான் வரும், அதுவும் ‘ஆஃப்லைன்’ அணுகல் (பயனர் முன்னால் இல்லாதபோதும் ஆப் இயங்க) கேட்டிருந்தால். குறுகிய ஆயுள் கொண்ட அக்சஸ் டோக்கன் மட்டும் கையில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது.

ஹெடரில் தப்பான எண்

மேனேஜர் கணக்கு வழியாகப் போனால், ஏபிஐ கோரிக்கையோடு அனுப்பும் ஹெடர் தகவலான லாகின்-கஸ்டமர்-ஐடியில் மேனேஜரின் 10 இலக்க எண். நடுவில் கோடு போடாமல்.