பென்ஷனை வச்சு தாய்லாந்துல ரிட்டயர் ஆகணுமா? ஒவ்வொரு படியா சொல்றேன்

ரிட்டயர் ஆனதும் தாய்லாந்து போய் செட்டில் ஆகலாம்னு நினைக்கிறவங்க பெரும்பாலும் முதல்ல வீடுதான் தேடுறாங்க, கடல் பக்கத்துல வாடகை எவ்ளோ, எந்த ஊரு நல்லா இருக்கும்னு. வீட்டை கடைசியில பாத்துக்கலாம். முதல்ல பென்ஷன் கணக்கு, அப்புறம் விசா, அப்புறம் மருத்துவம், அதுக்கப்புறம்தான் வீடு. இந்த வரிசையை மாத்திப் போட்டு கஷ்டப்பட்டவங்களைப் பாத்திருக்கேன், அதனாலதான் இவ்ளோ விவரமா எழுதுறேன்.

படி 1: பென்ஷனை பாட்ல (தாய்லாந்து காசுல) கணக்கு போடுங்க

உங்க பென்ஷன் டாலரோ பவுண்டோ ரூபாயோ எதுல வந்தாலும் வாடகையும் கரண்ட் பில்லும் ஆஸ்பத்திரி செலவும் பாட்லதான் குடுக்கணும். 2007ல ஒரு பவுண்டுக்கு 65 பாட்டுக்கு மேல கிடைச்சுது, 2019ல அது 40 பாட் பக்கம் வந்துருச்சு. பென்ஷன் தொகை குறையவே இல்ல, ஆனா கைக்கு வர்றதுல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடுச்சு. அதனால இன்னைக்கு ரேட்ல என்ன வருதோ அதுல அஞ்சுல ஒரு பங்கை கழிச்சுட்டு, மிச்சத்துல குடும்பம் நடத்த முடியுமான்னு பாருங்க. முடியலன்னா இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கிறது நல்லது.

பிரிட்டன் ஸ்டேட் பென்ஷன் வாங்குறவங்க இதை கட்டாயம் தெரிஞ்சுக்கணும்: அங்க வருஷா வருஷம் ஏத்துற தொகை தாய்லாந்துல இருக்கிறவங்களுக்கு ஏறாது, போனப்ப என்ன வந்துச்சோ அதேதான் பத்து வருஷம் கழிச்சும் வரும். இந்திய அரசு பென்ஷன்காரங்க வருஷா வருஷம் நவம்பர்ல ஆயுள் சான்றிதழ் குடுக்கணும்ங்கிறதை எந்த நாட்டுல இருந்தாலும் மறக்கக்கூடாது.

படி 2: விசா, இதுல அவசரப்படாதீங்க

50 வயசு முடிஞ்சிருக்கணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஓ-ஏ (O-A) விசா, இதை கிளம்புறதுக்கு முன்னாடி ஊர்ல இருந்தே எடுக்கணும், போலீஸ் சான்றிதழ், மெடிக்கல், 30 லட்சம் பாட் கவரேஜ் உள்ள ஹெல்த் இன்ஷூரன்ஸ் எல்லாம் கேப்பாங்க. இன்னொண்ணு நான்-இமிக்ரண்ட் ஓ (O) விசால 90 நாளைக்கு உள்ள வந்து, அங்கேயே இமிக்ரேஷன் ஆபீஸ்ல ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கிறது, ஃபீஸ் 1,900 பாட், அப்புறம் வருஷா வருஷம் அதேதான். புதுசா போறவங்களுக்கு நான் ரெண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

பணத்துக்கு கணக்கு இப்படி: தாய் பேங்க்ல உங்க பேர்ல 8 லட்சம் பாட் இருக்கணும், இல்லன்னா மாசம் 65,000 பாட் வருமானம் காட்டணும், இல்லன்னா ரெண்டையும் சேர்த்து வருஷத்துக்கு 8 லட்சம் வரணும். மாச வருமானம்தான் சுலபம்னு தோணும், ஆனா அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா தூதரகங்கள் வருமானத்துக்கு லெட்டர் குடுக்கிறதை நிறுத்தி பல வருஷம் ஆச்சு, அந்த நாட்டுக்காரங்க மாசா மாசம் வெளிநாட்டுல இருந்து பணம் வந்ததை பேங்க் கணக்குல காட்டணும், போன புதுசுல அது எங்க இருக்கும்? அதனால முதல் வருஷம் டெபாசிட் வழிதான் நல்லது. அந்த 8 லட்சம் அப்ளை பண்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே கணக்குல இருக்கணும், நீட்டிப்பு கிடைச்சு மூணு மாசம் வரைக்கும் தொடக்கூடாது, அதுக்கப்புறமும் 4 லட்சத்துக்கு கீழ இறங்கக்கூடாது. இது செலவுக்கு வச்ச காசு இல்ல, விசாவுக்கு கட்டி வச்ச காசுன்னு மனசுல எழுதிக்கோங்க.

நீட்டிக்கப் போற அன்னைக்கு காலைல முதல்ல பேங்க் போங்க. அந்தக் கணக்குல ஒரு 100 பாட் போடுங்க, பாஸ்புக்ல அன்னைக்கு தேதியில ஒரு வரி விழும், அந்தப் பக்கத்தை காப்பி எடுத்து, பேங்க் லெட்டரும் வாங்கிட்டு நேரா இமிக்ரேஷன். காப்பி ஒவ்வொண்ணுலயும் கையெழுத்து போடணும். பேப்பர்ல 2568, 2569னு வருஷம் பாத்து பயந்துடாதீங்க, அது புத்த வருஷம், 543 கழிச்சா நம்ம வருஷம் வந்துரும்.

அப்புறம் ரீ-என்ட்ரி பர்மிட். நீட்டிப்பு கிடைச்ச சந்தோஷத்துல பேரப்பிள்ளைய பாக்க ஃப்ளைட் ஏறிடுவாங்க, இந்த பர்மிட் எடுக்காம நாட்டை விட்டு வெளிய போனா நீட்டிப்பு அதோட கேன்சல், மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு தடவைக்கு 1,000 பாட், எத்தனை தடவை வேணும்னாலும் போய் வர 3,800. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் இப்படித்தான் ஒரு வருஷ வேலையை ஒரே நாள்ல இழந்தார், பாக்கவே ரொம்ப வேதனையா இருந்துச்சு.

படி 3: உடம்பு

அமெரிக்காவுல வயசானவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற மெடிகேர் இன்ஷூரன்ஸ் பொதுவா வெளிநாட்டுல செல்லாது. ஓ விசா நீட்டிப்புக்கு இன்ஷூரன்ஸ் கேக்க மாட்டாங்கங்கிறதுக்காக எடுக்காம விடாதீங்க, 70 தாண்டினா புது பாலிசி கிடைக்கிறது கஷ்டம், ஏற்கனவே இருக்கிற சுகரும் பிரஷரும் கவர் ஆகாது. 60லயே எடுத்து விடாம கட்டிட்டு வாங்க.

படி 4: வாடகைக்கு இருந்து பாருங்க, அதுவும் மோசமான சீசன்ல

டிசம்பர்ல போனா எல்லா ஊரும் சொர்க்கம்தான். சியாங் மாய்ல பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் வயலையும் காட்டையும் எரிக்கிற புகை, எதிர்ல இருக்கிற மலை கண்ணுக்கே தெரியாது, ஆஸ்துமா இருக்கிறவங்க தாங்க மாட்டாங்க. புக்கெட்ல மே முதல் அக்டோபர் வரை மழை, சமுய் தீவுல பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாசங்கள்ல போய் இருங்க. மழைக்காலத்துல அலமாரில வச்ச தோல் செருப்புல ஒரே வாரத்துல பச்சையா பூஞ்சை பூத்துரும், துணி காயாது, அந்த ஈரத்துல உங்க மூட்டு வலி எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும். கூடவே வர்ற துணைக்கும் அந்த ஊரு பிடிச்சிருக்கான்னு கேளுங்க. பாங்காக் பக்கம் தங்கினா சீலோம் ரோட்டு மாரியம்மன் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க, நம்மாளுங்க பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே கட்டின கோயில், மனசுக்கு தெம்பா இருக்கும்.

படி 5: இப்பதான் வீடு

வெளிநாட்டுக்காரங்க பேர்ல நிலம் வாங்க முடியாது. காண்டோ, அதாவது அடுக்குமாடியில ஒரு ஃப்ளாட் வாங்கலாம், ஒரு கட்டடத்துல மொத்த பரப்புல 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டுக்காரங்களுக்கு. வேற யார் பேர்லயாவது நிலம் வாங்கிக்கலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. ஒரு வருஷமாவது வாடகைக்கு இருந்துட்டு முடிவு பண்ணுங்க, சொந்த ஊரு வீட்டையும் அதுவரை விக்காதீங்க.

படி 6: போனதுக்கு அப்புறம்

நீங்க வந்து தங்கின 24 மணி நேரத்துல வீட்டு ஓனர் டிஎம்30 (TM30), அதாவது நீங்க அங்க தங்கியிருக்கீங்கன்னு இமிக்ரேஷனுக்கு சொல்ற படிவத்தை பதிவு பண்ணணும், பண்ணாரான்னு கேட்டு ரசீதை வாங்கி வச்சுக்கோங்க. 90 நாளைக்கு ஒரு தடவை நீங்க இமிக்ரேஷன்ல விலாசத்தை சொல்லணும், கெடு தேதிக்கு 15 நாள் முன்னாடியில இருந்து 7 நாள் பின்னாடி வரைக்கும் சொல்லலாம், தவறினா ஃபைன் 2,000 பாட். எந்த வேலையும் செய்யக்கூடாது, சம்பளம் இல்லாம இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறதுக்குக்கூட ஒர்க் பர்மிட் வேணும்.

வரி: வருஷத்துல 180 நாள் இருந்தா வரி விஷயத்துல நீங்க தாய்லாந்துவாசி, 2024 ஜனவரில இருந்து வெளிநாட்டுல சம்பாதிச்சு உள்ள கொண்டு வர்ற பணமும் கணக்குல வரும். இரட்டை வரி ஒப்பந்தம் உங்க பென்ஷனுக்கு எப்படின்னு ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு கிளம்புங்க.

படி 7: உயில்

பேச யாருக்கும் பிடிக்காது, ஆனா அந்த 8 லட்சம் ஒரே ஆள் பேர்ல இருக்கிறதால அவருக்கு ஏதாவது ஆயிட்டா கோர்ட் உத்தரவு வர்ற வரைக்கும் துணையால அதுல கை வைக்க முடியாது. அதனால கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் தனித்தனி கணக்கு, ஒவ்வொண்ணுலயும் ஆறு மாச செலவுக்கு காசு. தாய்லாந்துல இருக்கிற பணத்துக்குன்னு தனியா ஒரு உயில், ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து, சாட்சிங்க அந்த உயில்ல பங்கு வாங்குறவங்களா இருக்கக்கூடாது. ஒரு காப்பி பிள்ளைங்ககிட்ட, ஒண்ணு அங்க நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, அசல் உயிலை பாஸ்புக்கோட சேர்த்து ஒரே ஃபைல்ல வைங்க.