80 மூட்டை சிமெண்ட், எத்தனை லிட்டர் தண்ணீர்?

2019 ஜூன். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்குமே வறண்டு கிடந்தன. மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட்ட மறுநாள் போர்வெல் வெறும் காற்றைக் கக்கியது. டேங்கர் லாரி வர மூன்று நாள். அதற்குள் தளம் முழுக்க மயிரிழை விரிசல். சைட் பலகையில் தேதியும் பணமும் எழுதிய நான், தண்ணீருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

இப்போது தண்ணீர்க் கணக்குதான் முதலில். 1,000 சதுர அடி, 5 அங்குல கனம். எங்கள் கலவைக்கு சுமார் 80 மூட்டை. மூட்டைக்கு 25 லிட்டர் வீதம் 2,000 லிட்டர். இறுகிய தளத்தை ஈரமாக வைத்திருக்க (இதுதான் க்யூரிங்) அதன்மேல் பாத்தி கட்டி 2 அங்குலம் தேக்கினால் முதல் தடவைக்கே 4,700 லிட்டர். வெயிலில் தினமும் வற்றுவது தனி. ஆக, மிச்சம் பிடிக்க வேண்டியது க்யூரிங்கில்தான். கலவையில் அளவு தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்) ஈரமாக வந்தால் அந்த ஈரத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். “கொஞ்சம் தண்ணியா இருந்தாத்தான் சார் ஓடும்” என்பார் மேஸ்திரி. மசியாதீர்கள்.

பாத்திகளைச் சின்னச் சின்னக் கட்டமாகக் கட்டுங்கள். ஒன்று உடைந்தால் மொத்தத் தண்ணீரும் போகாது. ஒரு அங்குலம் நின்றாலே போதும், வற்ற விடக் கூடாது. தூணுக்கு ஹோஸ் பிடித்தால் பெரும்பகுதி தரைக்குத்தான். சாக்கைச் சுற்றிச் சணலால் கட்டி, நனைத்து, மேலே பாலிதீன் ஷீட்டைச் சுற்றுங்கள். மறுநாள் காலையில் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். சாம்பல் கலக்காத ஓபிசி சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசிக்கு 10. நாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கோடையில் போர்த் தண்ணீர் உப்புக் கரித்தால் ஒரு பாட்டில் லேபுக்கு அனுப்புங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

 

அப்புறம், மழைநீர்த் தொட்டி. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து கட்டாயம் என்பதால் எல்லோரும் வெட்டுகிறார்கள், ஆனால் வேலை முடிகிற சமயத்தில். நான் அஸ்திவாரத்தோடு சேர்த்து வெட்டச் சொல்கிறேன். ஐப்பசி மழை அதில் நிறைந்தால் தை மாதத் தளத்துக்கு லாரிக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை.