வெளி லைனா, எக்ஸ்டென்ஷனா? அலுவலக போன் பழுதைச் சரியாகச் சொல்ல

அலுவலக போன்களைப் பராமரிப்பது என் வேலை. பெரும்பாலும் "போன் டெட்" என்றுதான் சொல்வார்கள். எந்த போன், உள்ளுக்குள் பேச முடிகிறதா, வெளியே போகவில்லையா என்று கேட்டு முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். சில சொற்கள் தெரிந்திருந்தால் அந்த நேரம் மிச்சம்.

மேசையில் இருப்பது எக்ஸ்டென்ஷன். தொலைபேசி நிறுவனத்திலிருந்து வருவது ட்ரங்க். வெளி லைன் என்பதும் அதுதான். இரண்டும் சேரும் பெட்டி பிபிஎக்ஸ். நாற்பது எக்ஸ்டென்ஷனுக்கு எட்டு ட்ரங்க் இருக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே பேசுவதில்லையே. எட்டிலும் பேச்சு ஓடும்போது ஒன்பதாவது ஆள் வெளி லைனுக்காக 9 அல்லது 0 அழுத்தினால் பிஸி டோன்தான் வரும். அது பழுதல்ல, லைன் போதவில்லை.

அடுத்து ஹண்டிங். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வாடிக்கையாளர் அழைப்பது ஒரே எண். அந்த லைனில் யாராவது பேசிக்கொண்டிருந்தால், அழைப்பு தானாக அடுத்த லைனுக்குத் தாவும். ஓர் அலுவலகத்தில் "மூன்று நாளாக யாரும் கூப்பிடவே இல்லை, ஆனால் எங்களால் வெளியே பேச முடிகிறது" என்றார்கள். முதல் லைனின் கம்பி வழியில் அறுந்திருந்தது. அறுந்த லைன் எக்ஸ்சேஞ்சின் கணக்கில் சும்மா இருக்கும் லைன்தான். அதனால் அழைப்பு தாவாமல் அங்கேயே நின்றது; கூப்பிட்டவர் காதில் மணி அடித்தது, அலுவலகத்தில் அடிக்கவில்லை. எத்தனை பேர் கோபத்தோடு போனை வைத்தார்களோ! அன்று முதல் எல்லா இடத்திலும் ஒன்று சொல்கிறேன்: தினமும் காலையில் கைப்பேசியிலிருந்து உங்கள் முக்கிய எண்ணை ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

எந்தப் பக்கம் பழுது என்று பார்க்க என் பையில் எப்போதும் ஒரு சாதாரண போன் இருக்கும். பெட்டியின் ட்ரங்க் போர்ட்டில் உள்ள கம்பியைக் கழற்றி நேராக அந்த போனில் செருகுவேன். டயல் டோன் கேட்டால் பழுது நம் பெட்டியில். கேட்காவிட்டால் வெளி லைனில். சரி, அதற்கு எந்தக் கம்பி எந்த எண் என்று தெரிய வேண்டுமே? ஒவ்வொரு கம்பியிலும் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள்.

இந்தச் சோதனை அனலாக் லைனுக்கு, அதாவது ஒரு ஜோடி கம்பியில் ஒரு பேச்சு ஓடும் பழைய வகை லைனுக்கு மட்டும். ஈ1 பிஆர்ஐ என்ற டிஜிட்டல் லைன் என்றால் ஒரே இணைப்பில் 30 சேனல், அதாவது ஒரே நேரத்தில் 30 பேச்சு. அதன் மேல் 100 டிஐடி எண்கள் வாங்கி, ஒவ்வொரு மேசைக்கும் நேரடி எண் கொடுக்கலாம். பேச்சு மட்டும் 30தான். எஸ்ஐபி ட்ரங்க் என்பது இன்டர்நெட் வழியாக வரும் வெளி லைன்; அதில் இன்டர்நெட்தான் கம்பி. குரலை டேட்டாவாக மாற்றும் முறைக்கு கோடெக் என்று பெயர்; ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறக்குறைய 90 கிலோபிட் வேண்டும். குரல் வெட்டி வெட்டி வந்தால் முதலில் அப்லோடைப் பாருங்கள்.

கடைசியாக, ட்ரங்க் டு ட்ரங்க் ட்ரான்ஸ்ஃபர். வெளியிலிருந்து வந்த அழைப்பை மறுபடி வெளியே திருப்பிவிடும் வசதி இது. இதன் வழியாக யாரோ உங்கள் செலவில் வெளிநாடு பேச முடியும். தேவையில்லையென்றால் இன்றே அணைத்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அவசர உதவி எண் 9 அழுத்தாமலே போகிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.